மீசைக்காரர் கேட்டதும் கிடைத்ததும்

ஆறாவது செமஸ்டர் வந்தா உங்களில் பாதிப் பேர் இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே போவீங்க? பாதி சிப்காட், பாதி ஸ்ரீ சிட்டி. சிப்காட் நம்ம பக்கம். ஸ்ரீ சிட்டி அந்தப் பக்கம். நடுவில் எளாவூர் செக்போஸ்ட், ஆரம்பாக்கம், அதைத் தாண்டினா தடா. கடை போர்டில் எழுத்து மாறும், பஸ்ஸின் நிறம் மாறும். டீ மட்டும் மாறாது. டீக்கடைக்காரர் நீங்க தமிழில் கேட்டா தமிழில் பதில் சொல்வார், தெலுங்கில் கேட்டா தெலுங்கில்.

இதே மாவட்டத்தின் இன்னொரு மூலையில் திருத்தணி இருக்கு. ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுத்துப் போறவங்க உங்க வீட்டிலேயே இருக்கலாம். அந்த ஊர் 1960 மார்ச் 31 வரைக்கும் ஆந்திராவில் இருந்தது. அதே நாள் வரைக்கும் சத்தியவேடு நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ஆமாம், ஸ்ரீ சிட்டிக்காரங்க அட்ரஸில் எழுதுற அதே சத்தியவேடுதான். ஒரே ராத்திரியில் இரண்டும் இடம் மாறின. ஏன் மாறின என்று கேட்டால் பெரிய மீசை வைத்த ஒருவரின் கதையைச் சொல்லியாகணும்.

ம.பொ.சி. பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கமாவது இவரைப் பற்றிப் படித்திருப்பீங்க. பரீட்சை முடிஞ்சதும் மறந்தும் இருப்பீங்க. மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம் என்பது முழுப் பெயர். 1906 ஜூன் 26-ல் சென்னை ஆயிரம்விளக்குப் பக்கம் சால்வன்குப்பத்தில் பிறந்தார். அப்பா பொன்னுசாமி கிராமணி, அம்மா சிவகாமி. வைத்த பெயர் ஞானப்பிரகாசம். பின்னால் அது சிவஞானம் ஆனது.

படிப்பு மூணாங்கிளாஸ். அதுக்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. சின்ன வயசிலேயே தறி வேலை, அப்புறம் அச்சகத்தில் கம்பாசிட்டர் வேலை. கம்பாசிட்டர் என்றால் என்னன்னு இந்தத் தலைமுறைக்குச் சொல்லணும். மரப்பெட்டியில் அறை அறையாக ஈய எழுத்துக்கள் கிடக்கும். ஒவ்வொரு எழுத்தாக எடுத்து, தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பது மாதிரி வரிசையாகக் கோத்து, ஒரு பக்கத்தை உருவாக்கணும். தமிழுக்கு எத்தனை எழுத்து, எத்தனை அறை என்று நினைச்சுப் பாருங்க. டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' பத்திரிகையில் அவர் இப்படித்தான் எழுத்துக் கோத்தார். அடுத்தவங்க எழுதினதைக் கோத்துக் கோத்தே தமிழ் உரைநடையைக் கற்றுக்கொண்ட மனுஷன். பின்னாளில் அவர் எழுதியது நூறு புத்தகத்துக்கும் மேல். அவர் வாக்கியத்தில் ஒரு சொல்கூட அதிகமா இருக்காது என்பதற்கு இந்த ஈயமும் ஒரு காரணம்னு எனக்குத் தோணும். ஒவ்வொரு எழுத்தையும் கையால் தூக்கிப் பழகியவருக்கு வீண் எழுத்து கனக்கும் இல்லையா?

இருபதுகளிலேயே காங்கிரஸில் சேர்ந்துவிட்டார். கிராமணி சமூகத்துக்குக் கள் இறக்குவது குலத்தொழில். காங்கிரஸ்காரர் பேச வேண்டியது மதுவிலக்கு. அவர் அதைச் சொந்த சமூகத்தின் முன்னாடி நின்றே பேசினார். பிழைப்பில் கை வைக்கிறவன் என்று உறவுக்காரங்களே கோபப்பட்டார்கள். ஊரோடு ஒத்துப்போகிற ஆள் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

சிறை பலமுறை. அதில் 1942 முக்கியம். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் பிடித்து, வேலூரில் வைத்து, அங்கிருந்து அமராவதிக்கு அனுப்பினார்கள். இப்போது ஆந்திரா கட்டும் அமராவதி இல்லை. இது அன்றைய மத்திய மாகாணத்தில், இன்றைய மகாராஷ்டிராவில் இருப்பது. வெயிலும் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றில் புண் வந்தது. அது ஆயுசு முழுக்க அவரை விடவில்லை. அந்தச் சிறையில் உட்கார்ந்து அவர் பழந்தமிழ் இலக்கியம் படித்தார், குறிப்பாகச் சிலப்பதிகாரம். மூணாங்கிளாஸ் படித்தவர், வாத்தியார் இல்லாமல், வயிற்று வலியோடு. வெளியே வந்தபிறகு ரா.பி. சேதுப்பிள்ளை அவருக்குச் சிலம்புச்செல்வர் என்று பட்டம் கொடுக்கிற அளவுக்குப் படித்தார்.

சிலம்பை நாம கண்ணகி கதையாகப் படிப்போம். இவர் அதில் ஒரு மேப்பும் பார்த்தார். தமிழ் நிலத்துக்கு வடக்கே திருமலைக் குன்றம், தெற்கே குமரிக்கடல் என்று இளங்கோ எல்லை சொல்கிறார். தொல்காப்பியப் பாயிரமும் வேங்கடத்தைத்தான் வட எல்லை என்கிறது. அப்போ நடப்பில் இருந்த மேப்பில் தெலுங்கு, கன்னடம், மலையாளம், தமிழ் எல்லாம் சேர்ந்து சென்னை மாகாணம் என்ற ஒரே கலவை. வெள்ளைக்காரன் வரி வசூலுக்காகப் பிரித்த ஜில்லாக்கள். நாளைக்கு அவன் போனதும் மொழிவாரியாக மாநிலம் பிரிப்பார்கள், அப்போ யார் எங்கே நிற்பார்கள் என்று யோசித்த காங்கிரஸ்காரர்கள் தெலுங்கு பக்கம் நிறைய பேர். தமிழ் பக்கம் ரொம்பக் குறைவு. ம.பொ.சி. 1946 நவம்பர் 21-ல் தமிழரசுக் கழகம் தொடங்கினார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிடணும். அவர் தனிநாடு கேட்கவில்லை. திராவிட நாடு கேட்டவர்களோடு வருஷக்கணக்கில் மேடை மேடையாகச் சண்டை போட்டவர். அவர் கேட்டது இந்தியாவுக்குள்ளேயே தமிழருக்குத் தன்னாட்சியுள்ள ஒரு மாநிலம், அதற்குச் சரியான எல்லை. இதனால் அவருக்கு இரண்டு பக்கமும் அடி. திராவிட இயக்கத்தாருக்கு இவர் டெல்லியின் ஆள். காங்கிரஸுக்கு இவர் மொழி வெறி பிடித்தவர்.

சரி, வடக்கெல்லையில் என்ன பிரச்சினை? 1911 ஏப்ரல் 1-ல் சித்தூர் என்று ஒரு புது ஜில்லாவை உருவாக்கினார்கள். வடஆர்க்காடு ஜில்லாவில் இருந்து சித்தூர், பலமனேர், சந்திரகிரி, கூடவே காளஹஸ்தி, கார்வேட்டிநகர் ஜமீன் பகுதிகள். கடப்பாவில் இருந்து மதனப்பள்ளியும் வாயல்பாடும். தமிழ் ஊர்களும் தெலுங்கு ஊர்களும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டன. எல்லாமே ஒரே மாகாணமாக இருந்த வரைக்கும் அது யாருக்கும் உறுத்தவில்லை. மாகாணம் பிரியப்போகுது என்றதும்தான் எந்தப் பக்கம் என்ற கேள்வி வந்தது.

அங்கே யார் பூர்வகுடி, யார் குடியேறியவர்? நாயக்கர் காலத்தில் வந்து குடியமர்ந்தவர்கள் தெலுங்கர்கள் என்றது ஒரு தரப்பு. பிழைக்க வந்தவர்கள் தமிழர்கள் என்றது இன்னொரு தரப்பு. உண்மையில் ஒரே தெருவில் இரண்டும் பேசினார்கள். திருத்தணியில் 1888-ல் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த பையன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆன சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். செப்டம்பர் 5-ல் நாம கேக் வெட்டுவது அவர் பிறந்தநாளுக்குத்தான். ஆக எல்லைக்கோட்டை ஸ்கேல் வைத்துப் போட முடியாத நிலம் அது. இன்றைக்கும் அப்படித்தான்.

அந்த நிலத்தில் மங்கலங்கிழார் என்று ஒரு தமிழாசிரியர் இருந்தார். எல்லை என்ற பேச்சே எழாத காலத்திலேயே கிராமம் கிராமமாக நடந்து போய்க் காசு வாங்காமல் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். திருத்தணி வட்டாரத்தில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள்தான் பிறகு போராட்டத்தின் தொண்டர்கள். மேடையில் பேசியது மீசைக்காரர் என்றாலும் தரையைப் பதப்படுத்தி வைத்தது இந்த வாத்தியார். சென்னையில் இருந்து ஒருத்தர் வந்து கத்தினால் மட்டும் எல்லை நகராது. உள்ளூர் ஆள் வேணும். வக்கீல் கே. விநாயகம் போன்ற திருத்தணிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நாடு சுதந்திரம் வாங்கிய அதே 1947 ஆகஸ்ட் மாதம். ஊரெல்லாம் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தது. ம.பொ.சி. தொண்டர்களைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குக் கிளம்பினார். வழியிலும் அங்கேயும் எதிர்ப்பு பலமாக இருந்தது. ஆனாலும் வேங்கடம் தமிழகத்தின் எல்லை என்று அங்கேயே போய்ப் பேசிவிட்டு வந்தார். சுதந்திரம் வந்த சூடு ஆறலை, அதுக்குள்ள இது தேவையா என்று சொந்தக் கட்சிக்காரங்களே கேட்டார்கள். அவருக்கு அது முடிவு இல்லை, ஆரம்பம்.

1952 அக்டோபர் 19. பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திர மாநிலம் கேட்டு மயிலாப்பூரில் ஒரு வீட்டில் உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15 இரவு இறந்தார். 58 நாட்கள். நான்கு நாளில் நேரு ஆந்திர மாநிலம் வரும் என்று அறிவித்தார். ஒரு மனுஷன் உயிரைக் கொடுத்து வாங்கியது அது. தமிழ்ப் பக்கம் நின்று கதை சொல்றோம் என்பதற்காக அதைக் குறைச்சுப் பேச முடியாது. சிக்கல் வேறு இடத்தில். ஆந்திரத் தலைவர்கள் பலர் சென்னை நகரத்தையும் கேட்டார்கள். முழுசாக இல்லை என்றால் கூவத்துக்கு வடக்கே உள்ள பாதி, அதுவும் இல்லை என்றால் இரண்டு மாநிலத்துக்கும் பொதுத் தலைநகரம், அதுவும் இல்லை என்றால் தற்காலிகமாகவாவது.

இந்த இடத்தில் நீங்க கொஞ்சம் நிற்கணும். கூவத்துக்கு வடக்கே என்றால் சென்ட்ரல், ஹார்பர், வண்ணாரப்பேட்டை, ராயபுரம். அது போயிருந்தால் மாதவரம், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி எல்லாம் எந்த மாநிலத்தோடு ஒட்டியிருக்கும்? நம்ம காலேஜ் எந்த யுனிவர்சிட்டிக்குக் கீழே வந்திருக்கும்? உங்க அரியர் பேப்பர் எந்த மொழிக்காரர் கையில் திருத்தப்பட்டிருக்கும்?

ம.பொ.சி. தலை போனாலும் தலைநகரைக் கொடுப்பதில்லை என்று பொதுக்கூட்டம் பொதுக்கூட்டமாகப் போட்டார். மாநகராட்சியில் சென்னை தமிழருக்கே என்று தீர்மானம் வந்தது. மேயர் அப்போது செங்கல்வராயன். முதலமைச்சர் ராஜாஜியும் விட்டுக்கொடுக்கவில்லை. கட்சி வேறுபாடு பார்க்காமல் எல்லாரும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான நேரம். 1953 மார்ச் 25-ல் நேரு பார்லிமென்டில் ஆந்திராவின் தலைநகரம் ஆந்திராவுக்குள்ளேயே இருக்கும் என்று அறிவித்தார். சென்னை தப்பியது. கர்னூல் தலைநகரம் ஆனது.

ஆனால் சித்தூர் ஜில்லா அப்படியே முழுசாக ஆந்திராவுக்குப் போகிற மாதிரி மசோதா வந்தது. திருத்தணி உட்பட. கேட்டது திருப்பதி, இப்போ திருத்தணியே கைவிட்டுப் போகுது. 1953 ஜூலையில் திருத்தணியில் கடையடைப்பு, ரயில் மறியல், ஊர்வலம். தடை உத்தரவு போட்டார்கள். ம.பொ.சி. தடையை மீறிக் கைதானார். திருத்தணி அன்றைக்கும் சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. கைது செய்தது ராஜாஜி அரசு. அந்த ராஜாஜியைத்தான் ம.பொ.சி. தலைவர் என்று சொல்லிக்கொண்டு இருந்தார். வெள்ளைக்காரன் சிறையில் கிடந்த மனுஷன் இப்போது தன் தலைவரின் சிறையில். நூற்றுக்கணக்கான தொண்டர்கள் உள்ளே போனார்கள். இரண்டு பேர் சிறையில் இருந்து உயிரோடு திரும்பவில்லை.

எல்லையைப் பற்றி விசாரிக்கக் கமிஷன் வரும் என்ற உறுதி கிடைத்ததும் போராட்டம் நின்றது. ஆகஸ்ட் மாதக் கடைசியில் மங்கலங்கிழார் இறந்துபோனார். அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. திருத்தணி அதோடு போனது. தன் ஊர் எந்தப் பக்கம் போய் முடியும் என்று தெரியாமலேயே வாத்தியார் போய்விட்டார்.

அப்புறம் ஆறரை வருஷம். இந்தப் பகுதியைச் சினிமா எடுத்தால் ஒரு பாட்டில் முடிச்சுடுவாங்க, ஆனால் வாழ்ந்தவர்களுக்கு அது முழு ஆறரை வருஷம். கோர்ட்டு, தாலுகா ஆபீஸ் எல்லாம் வேறு மொழிக்கு மாறுகிற ஊரில் ஒரு குழந்தை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஆறாம் வகுப்புக்கு வந்துவிடும். 1954-ல் ம.பொ.சி.க்கும் காங்கிரஸுக்கும் உறவு முறிந்தது. கூட்டமும் மறியலும் கைதும் திரும்பத் திரும்ப நடந்தன.

கடைசியில் படாஸ்கரை மத்தியஸ்தராக வைத்தார்கள். மத்திய அமைச்சராக இருந்தவர், தமிழும் இல்லை தெலுங்கும் இல்லை, மராத்திக்காரர். அவர் போட்ட சூத்திரம் இன்ஜினியரிங் படிக்கிற நமக்குச் சுலபமாகப் புரியும். தாலுகாவை யூனிட்டாக எடுக்காதே, கிராமத்தை எடு. அந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுகிறவர்கள் பாதிக்கு மேல் என்று பார். அந்த மாநிலத்தோடு நிலம் தொடர்ச்சியாக இருக்கா என்று பார். இரண்டுக்கும் ஆமாம் என்றால் மாற்று. பெரிய யூனிட்டில் சராசரி எடுத்தால் மறைந்துபோகிற விஷயம் சின்ன யூனிட்டில் தெரியும். அதனால்தான் மேப்பில் நம்ம மாவட்டத்தின் வடமேற்கு எல்லை அப்படிக் கிழிஞ்ச துணி மாதிரி நெளிந்து வளைந்து போகுது. கூகுள் மேப்பில் பள்ளிப்பட்டு பக்கம் ஜூம் பண்ணிப் பாருங்க.

ஆனால் சூத்திரம் இரண்டு பக்கமும் வெட்டும். திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதியும், பள்ளிப்பட்டு பக்கத்து ஊர்களும் சேர்த்து 300-க்கும் மேற்பட்ட கிராமங்கள் நமக்கு. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களில் இருந்து சத்தியவேடு வட்டாரத்தின் சுமார் 150 கிராமங்கள் அவர்களுக்கு. காமராஜரும் சஞ்சீவ ரெட்டியும் ஒப்புக்கொண்டார்கள். 1959-ல் பார்லிமென்டில் சட்டம், 1960 ஏப்ரல் 1-ல் அமல்.

திருப்பதி வரவில்லை. சித்தூர் வரவில்லை. காளஹஸ்தி, புத்தூர், நகரி எதுவும் வரவில்லை. பதிமூன்று வருஷம் வேங்கடம் வேங்கடம் என்று தொண்டை வறளக் கத்தியவருக்குக் கிடைத்தது தணிகை. மலை கேட்டவருக்கு வேறொரு மலை. தோல்வின்னு சொல்றவங்க உண்டு. என் கணக்கு வேற. அவர் வேங்கடம் கேட்காமல் திருத்தணி மட்டும் கேட்டிருந்தால் திருத்தணியும் வந்திருக்காது. அதே சமயம் சத்தியவேட்டுப் பக்கம் தமிழ் பேசுகிற குடும்பங்கள் பாதிக்குக் கீழே என்ற கணக்கில் அடுத்த மாநிலத்துக்குப் போனதையும் வெற்றிக் கதையில் சேர்த்தே எழுதணும். வழக்கமா இந்தக் கதையைச் சொல்றவங்க அந்தப் பாராவை விட்டுடுவாங்க.

ம.பொ.சி.யின் மிச்ச வாழ்க்கை உங்களுக்கு வேறு வழியில் தெரியும். வ.உ.சி.யை எல்லாரும் மறந்திருந்த 1944-ல் கப்பலோட்டிய தமிழன் என்று புத்தகம் எழுதியவர் இவர்தான். 1961-ல் சிவாஜி நடித்த படம் அதிலிருந்து வந்தது. கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்றவர்களுக்கு மறுப்பாக அவனை வீரனாக எழுதியதும் இவர். வள்ளலாரைப் பற்றிய புத்தகத்துக்கு 1966-ல் சாகித்திய அகாடமி விருது. 1967 தேர்தலில், ஒருகாலத்தில் மேடையில் திட்டித் தீர்த்த திமுகவோடு சேர்ந்து தியாகராய நகரில் நின்று ஜெயித்தார். கொள்கை மாறிட்டார்னு கேலி பண்ணினவங்க உண்டு. அவர் பக்கம் இருந்து பார்த்தால் திமுக தனிநாடு கேட்பதை விட்டுவிட்டு மாநில சுயாட்சிக்கு வந்திருந்தது, அதாவது அவர் இடத்துக்கு. மெட்ராஸ் ஸ்டேட் என்ற பெயரைத் தமிழ்நாடு என்று மாற்றும் தீர்மானம் அந்த வருஷம் ஜூலை 18-ல் சட்டசபையில் நிறைவேறியபோது அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். பிறகு மேலவைத் தலைவரானார். 1986-ல் மேலவையையே கலைத்துவிட்டதால் கடைசித் தலைவரும் அவர்தான். 1995 அக்டோபர் 3-ல், 89 வயதில் இறந்தார்.

1996-ல் கண்டலேறுவில் இருந்து கிருஷ்ணா தண்ணீர் ஊத்துக்கோட்டை பக்கம் ஜீரோ பாயின்ட் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்தது. அது அவர் இறந்த அடுத்த வருஷம். 1997 ஜனவரியில் செங்கல்பட்டைப் பிரித்துத் திருவள்ளூர் மாவட்டம் உண்டானது. திருத்தணியும் கும்மிடிப்பூண்டியும் அந்த மாவட்டத்துக்குள் வந்தன. ஆரணியாறு மட்டும் யாரையும் கேட்காமல் பிச்சாட்டூரில் இருந்து எல்லை தாண்டி ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகப் பழவேற்காட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் அணை நிரம்பினால் இந்தப் பக்கம் தரைப்பாலம் முழுகும். மழைக்காலத்தில் ஊத்துக்கோட்டையில் இருந்து வரும் டேஸ்காலர்களைக் கேளுங்க, எந்தத் தேதியில் தண்ணீர் திறந்தாங்கன்னு அவங்களுக்கு அட்டெண்டன்ஸ் கணக்கோடு தெரியும்.